வராத அம்மைக்குக் கட்டிய வேப்பிலை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் என் மகளின் தோலுக்கு ஏழெட்டு வைத்தியமாவது கிடைத்துவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் குப்பைமேனி என்பார். பின் இருக்கைக்காரர், குப்பைமேனி கூடவே கூடாது, கரிசலாங்கண்ணிதான் என்பார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவர், இது அக்கி, குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் சிங்கம் எழுதிக்கொண்டு வந்தால் மூன்றே நாளில் ஓடிவிடும் என்பார். எது ஓடும், அக்கியா சிங்கமா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுக்கும். கண்டக்டரும் சும்மா போகமாட்டார். சில்லறை தேடிக்கொண்டே தன் மச்சான் மகனுக்கும் இப்படித்தான் இருந்தது என்று ஆரம்பிப்பார்.

எனக்கு மூக்கின் மேல் கோபம். அதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைக்குழந்தையோடு பேருந்தில் போகிறவள் யாரிடமும் சண்டை பிடிக்க முடியாது. அடுத்த வாரம் அதே பேருந்தில் அவர்கள்தான் இடம் தர வேண்டும். அதனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே விழுப்புரம் வந்து சேர்வேன்.

தொண்ணூற்று மூன்றில் மாவட்டம் பிரிந்தபோது நான் விழுப்புரத்துக்குத் தட்டச்சராக வந்தேன். அலுவலகத்துக்கு நாற்காலிகள் வருமுன்பே கோப்புகள் வந்து சேர்ந்திருந்தன. பிறந்த வீடு திண்டிவனத்தில். கணவர் விழுப்புரத்திலேயே ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். எதைச் சொன்னாலும் "பாத்துக்கலாம்" என்று சொல்கிற மனிதர். சில வருடம் கழித்து மகள் பிறந்தாள். மூன்றாம் மாதத்தில் கன்னம் இரண்டும் சிவந்து, செதில் விட்டு, முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் நீர் கசிய ஆரம்பித்தது. ஊரில் அதற்குக் கரப்பான் என்று பெயர். குழந்தை டாக்டர் எக்ஸிமா என்றார். பெயர் எதுவானாலும் அவள் சொறிந்தாள்.

டாக்டர் அவசரக்காரர். உட்காருவதற்குள் பாதி விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுவார். குளியல் ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடாது, வெந்நீர் கூடாது, சோப்பு கூடாது. உடம்பில் ஈரம் இருக்கும்போதே களிம்பைப் பூசிவிட வேண்டும். சிவந்த இடத்தில் மட்டும் அவர் எழுதித் தந்த மருந்து, அதுவும் கடுகளவு. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். பருத்தித் துணி தவிர வேறெதுவும் உடம்பில் படக் கூடாது. கடைக் கவுனெல்லாம் நைலானாக இருந்ததால் கணவரின் பழைய வேட்டிகளைக் கிழித்து நானே கவுன் தைத்தேன். கரையை வீணாக்க மனம் வரவில்லை, கீழே வைத்துத் தைத்துவிட்டேன். ஒன்றரை வயதில் கரை வேட்டி கட்டிக்கொண்டு, ஏதோ பஞ்சாயத்துக்குத் தீர்ப்புச் சொல்லக் கிளம்பியவளைப் போல அவள் தெருவில் நடந்து போவாள்.

இதையெல்லாம் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாமல் போனது மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை.

இரண்டு வயதில் பக்கத்து வீட்டில் யாரோ அன்போடு கொடுத்த மல்லாட்டை உருண்டையில் ஒரு கடி கடித்தாள். பத்து நிமிடத்தில் உதடு வீங்கித் தொங்கியது, உடம்பு முழுக்கத் தடிப்பு. தூக்கிக்கொண்டு ஓடினேன். ஊசி போட்ட பிறகு, எப்போதும் அவசரப்படுகிற டாக்டர் அன்று மட்டும் நிதானமாகப் பேசினார். இனி மல்லாட்டை ஒரு பருப்புகூட அவள் வாய்க்குப் போகக் கூடாது. இந்தத் தடவை உதடோடு நின்றது, அடுத்த தடவை மூச்சை அடைக்கலாம். அப்படி ஆனால் வீட்டில் எதுவும் செய்து பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட வேண்டும். அன்றிலிருந்து எனக்கு அந்த ஒரு பயம்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் மாமனார் வீடு பெருமுக்கல் பக்கம். மல்லாட்டை போட்டு வாழ்கிற குடும்பம். சட்னி மல்லாட்டை, குழம்புக்கு அரைப்பது மல்லாட்டை, தாளிப்பது மல்லாட்டை எண்ணெய், மாட்டுக்கு வைப்பது மல்லாட்டைப் புண்ணாக்கு. மாமியார் காலமாகிப் பல வருடம் ஆகியிருந்தது, வீட்டுக்கு மாமனார்தான் எல்லாம். என் கணவர் விஷயத்தை அவரிடம் சொல்வதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்துக்கொண்டார். மாமனார் முழுவதையும் கேட்டுவிட்டு, அந்த டாக்டர் எந்த ஊர்க்காரர் என்று விசாரித்தார். தஞ்சாவூர்ப் பக்கம் என்றதும் அவர் முகம் தெளிந்தது. நெல்லு விளையுற ஊர்க்காரனுக்கு மல்லாட்டையைப் பற்றி என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒரு நாளுக்கு மேல் தங்கப் போவதில்லை என்று வைத்திருந்தேன். ஆனால் அவளுக்கு மூன்றரை வயதானபோது, விழுப்புரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரர் சித்திரை மாதத்தில் தரையைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, வெள்ளையடிக்கப் புறப்பட்டார். சுண்ணாம்புத் தூசியில் குழந்தையின் தோல் கிழங்கு மாதிரி உரிந்தது. கணவர் பரீட்சைப் பேப்பர் திருத்த வேறு ஊருக்குப் போய்விட்டார். திண்டிவனத்தில் என் அப்பாவும் அம்மாவும் இல்லை, வெளியூரில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் இரண்டு வாரம் விடுப்புப் போட்டுவிட்டுக் குழந்தையோடு மாமனார் வீட்டுக்குப் போய் இறங்கினேன். சித்திரையில் கிணற்று இறவை மல்லாட்டை அறுவடை என்பது பேருந்தைவிட்டு இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வாசலில் ஆளுயரத்துக்குச் செடி குவிந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பின்கட்டில் ஒரு அண்டா நிறைய மல்லாட்டை வெந்துகொண்டிருந்தது. அறுவடை வீட்டுக்கு வந்த குழந்தைக்கு ஒரு கை அள்ளிக் கொடுக்காமல் போனால் அது மரியாதையில்லை. அதனால் எல்லோரும் அள்ளினார்கள். நான் அவள் பின்னாலேயே ஓடினேன். ஒரு கையைத் தட்டிவிட்டால் இன்னொரு கை நீளும். என் ஓரகத்தி, அதாவது கணவரின் அண்ணி, நல்ல மனுஷி. குழந்தைக்குத் தனிச் சட்டியில் நல்லெண்ணெய் விட்டுச் சமைத்தார். ஆனால் அவரே, "வேவச்சதுதானே, ரெண்டு குடுத்தா என்ன ஆயிடப் போவுது" என்றும் கேட்டார். மாமனார் எதுவும் கேட்கவில்லை. நான் குழந்தையைத் துரத்திக்கொண்டு ஓடுவதை, வேலையற்றவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மூன்றாம் நாள் வெயிலும் செடிப் புழுதியும் சேர்ந்து குழந்தையின் உடம்பு முழுக்கச் சிவந்து, முத்து முத்தாகப் பொரிந்துவிட்டது. கையில் வெந்த மல்லாட்டையோடு அவளை நெருங்கிய ஒரு பெண், கவுனை விலக்கிப் பார்த்தாள். சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அம்மா வாத்திருக்குது," என்றாள்.

இல்லை, இது அம்மை இல்லை, பழைய கரப்பான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வாசலில் இருந்த அத்தனை கைகளும் பின்னால் போய்விட்டன. மூன்று நாளாக நான் கெஞ்சியும் மிரட்டியும் நடக்காத காரியம் ஒரு சொல்லில் நடந்திருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். மாமனார் கிட்டே வந்து, நெசந்தானாம்மா என்று என்னைக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததை அவர் ஆமென்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் குனிந்தேன்.

அரை மணிக்குள் நிலைப்படியில் வேப்பிலை ஏறியது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. சட்னி போயிற்று, குழம்பு போயிற்று, அண்டா இறங்கியது. வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று செடிக் குவியல் மொத்தமும் தூரத்துக் களத்துக்குப் போனது. வெளி ஆள் படி ஏறக் கூடாது. ஓரகத்தி தன் பையன்கள் இரண்டு பேரையும் மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். குழந்தைக்குச் சோப்பு கூடாது, வெந்நீர் கூடாது, மெல்லிய பருத்தித் துணிதான் விரிக்க வேண்டும், அரித்தால் நகம் படாமல் வேப்பிலைக் கொத்தால் வருடிவிட வேண்டும். விழுப்புரத்து டாக்டர் மூன்றரை வருடமாகச் சொன்னதை மாரியாத்தாள் ஒரே நாளில் அமல்படுத்திவிட்டாள்.

வேப்பிலையின் மகிமை என்று நான் சொல்லமாட்டேன். தூசி இல்லை, சோப்பு இல்லை, மேலே வந்து விழும் ஆட்கள் இல்லை. நான் கொண்டுபோயிருந்த களிம்பை யாரும் பார்க்காதபோது பூசினேன். மூன்றாவது நாளே சிவப்பு இறங்கத் தொடங்கியது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு தோலை அவளுக்கு நான் பார்த்ததில்லை.

அவளுக்கோ கொண்டாட்டம். அம்மை கண்ட பிள்ளையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ஆத்தா என்றுதான் கூப்பிட வேண்டும். திட்டக் கூடாது. கேட்டதைக் கொடுக்க வேண்டும். காலையில் மாமனார் குளித்து, திருநீறு பூசி, கதவோரம் நின்று அவளைப் பார்த்துக் கைகூப்புவார். அறுபது வயதைத் தாண்டியவர், ஊரில் யாருக்கும் தலை வணங்காத மனிதர், வேட்டிக் கரைக் கவுன் போட்ட மூன்றரை வயதுக் குழந்தையிடம், ஆத்தாளுக்கு இன்னிக்கு என்ன வேணும் என்று பணிவாகக் கேட்பார். முதல் நாள் இளநீர் கேட்டாள். இரண்டாம் நாள் கன்றுக்குட்டியை வீட்டுக்குள் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தார். மூன்றாம் நாள் அவரை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

சிரித்துவிட்டு உடனே பயமாகவும் இருக்கும். சாமி விஷயத்தில் பொய். விழுப்புரம் போனதும் மாரியம்மன் கோவிலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது என்று மனதுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். நாளை தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று மாமனார் சொன்னார். ஊற்றிய மறுநாளே மூட்டை கட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, மதியம் நான் கிணற்றடிக்குக் குளிக்கப் போனேன்.

திரும்பி வரும்போது அந்த இருமல் கேட்டது. சளி இருமல் இல்லை. தொண்டைக்குள் ஏதோ இறுகின மாதிரி, குரலே மாறிப்போன இருமல். உள்ளே ஓடினேன். உதடு வீங்கியிருந்தது, கண் மூடத் தொடங்கியிருந்தது, கழுத்தெல்லாம் தடிப்பு. பாயில் இரண்டு மல்லாட்டைத் தோல் கிடந்தது. பக்கத்தில் மாமனார் கைகூப்பியபடி உட்கார்ந்திருந்தார்.

"ஆத்தா கேட்டுச்சிம்மா," என்றார். "வாய் தொறந்து கேட்டப்புறம் எப்பிடி இல்லங்கறது?"

நடந்தது எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. எல்லோரும் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்த குழந்தை, தன் அதிகாரத்தின் எல்லையைத் தெரிந்துகொள்ள மல்லாட்டை கேட்டிருக்கிறது. மருமகள் சொல்லா, மாரியாத்தாள் சொல்லா என்று வந்தால் அவர் என்ன செய்வார். களத்துக்குப் போய் எடுத்துவந்து, பக்தியோடு உரித்துக் கொடுத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி என்றேன். அதற்குள் ஓரகத்தியும் களத்துப் பெண்களும் வந்துவிட்டார்கள். ஆத்தாள் கோபத்தில் இருக்கிறாள், தண்ணீர் ஊற்றாமல் பிள்ளையைப் படி தாண்டிக் கொண்டுபோகக் கூடாது, அம்மை உடம்பில் ஊசி பட்டால் குத்தம், கற்பூரம் ஏற்று என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். ஓரகத்தி அழுதுகொண்டே நிலைப்படியில் குறுக்கே நின்றார். அவருக்கு என் மகள் மேல் அவ்வளவு பிரியம். அந்தப் பிரியத்தைத் தாண்டி என்னால் வெளியே போக முடியவில்லை. குழந்தை மூச்சை இழுக்கும்போது விசில் சத்தம் வந்தது.

"ஆத்தா வரல," என்று கத்தினேன். "ஆத்தா வரவே இல்ல. நான் பொய் சொன்னேன். மல்லாட்ட குடுப்பீங்கன்னு பயந்துக்கினு பொய் சொன்னேன். இது மல்லாட்டையாலதான். வழிய வுடுங்க."

பாவி என்றாள் ஒருத்தி. அப்போது மாமனார் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஓரகத்தியை, நகரு என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வெளியே போனார். தெருவில் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது, ஆனால் அது நிறைய மல்லாட்டை மூட்டை. அவரே அதைப் பார்த்துவிட்டு, மொபெட்டை எடுத்தார். நான் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அதுவரை மாட்டு வண்டி வேகத்துக்கு மேல் அந்த மொபெட்டை ஓட்டியிராத மனிதர் மரக்காணம் சாலையில் பேருந்தை முந்திக்கொண்டு போனார். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு ஒவ்வொரு மூச்சாகக் கேட்டுக்கொண்டே போனேன். வேறு எதுவும் நினைவில்லை.

திண்டிவனத்தில் மருத்துவமனை வராந்தா முழுக்கக் கூட்டம். டோக்கன் வாங்கி உட்காருங்கள் என்று யாரோ சொல்ல வாயெடுத்தார்கள். அப்போது குழந்தையின் கையில் இன்னும் வேப்பிலைக் கொத்து இருந்ததை, உடம்பில் மஞ்சள் இருந்ததை, முன்வரிசை பார்த்துவிட்டது. அம்மை என்று ஒரு குரல். வராந்தா இரண்டாகப் பிளந்தது. கால் கட்டுப் போட்டிருந்த ஒருவர்கூட எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். நாங்கள் நடுவே ஓடி நேராக டாக்டர் அறைக்குள் போனோம். என் பொய் அன்று செய்த ஒரே நல்ல காரியம் அது.

டாக்டரம்மா ஒரு பார்வைதான் பார்த்தார். தொடையில் ஊசி போட்டார், மூக்கில் குழாய் வைத்தார். கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் குறைந்தது. பிறகு அவள் வீறிட்டு அழுதாள். அப்படி ஓர் இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை. நான் தரையில் உட்கார்ந்து, ஈரத் தலையோடு, வெட்கமில்லாமல் அவளைவிடச் சத்தமாக அழுதேன். சாயங்காலம் வரை வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவேன் என்று சொன்ன டாக்டரம்மா, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன், கதவருகே நின்ற மாமனார், நான்தான் மல்லாட்டை கொடுத்தேன் என்றார். எத்தனை என்றார் டாக்டர். ரெண்டு என்று அவர் விரலைக் காட்டினார்.

வெளியே பெஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். யாரோ அவருக்கு ஒரு போர்வையைக் கொடுத்திருந்தார்கள், அதைப் போர்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் குழந்தையை அவர் சாமியாக நினைத்திருக்க மாட்டார், கேட்டதைக் கொடுத்திருக்கவும் மாட்டார் என்றேன்.

"நெசத்த சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன்னு நெனச்சிக்கினியாம்மா?"

"ஆமாங்க மாமா."

யோசித்தார். "கேட்டிருக்க மாட்டேன்தான்," என்றார்.

அதன் பிறகு அவர் அந்த ஊசியைப் பற்றியோ, ஆத்தாளைப் பற்றியோ என்னிடம் பேசியதில்லை. ஓரகத்தி ஒரு வருடம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரில் எனக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதைக் கணவர் கடைசி வரை சொல்லவில்லை, பாத்துக்கலாம் என்றே சமாளித்தார். விழுப்புரம் மாரியம்மனிடம் மட்டும் ஒழுங்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த சித்திரையில், பகலோடு திரும்பிவிடுவது என்று முடிவு செய்து, மூன்று பேரும் ஊருக்குப் போனோம். அறுவடை நேரம்தான், ஆனால் செடியெல்லாம் களத்தில் இருந்தது. வாசல் கழுவி விட்டிருந்தது. எங்களைக் கண்டதும் மாமனார் களத்திலிருந்து வந்தார். குழந்தை தாத்தா என்று ஓடினாள். அவர் பதறிப்போய் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். கிட்ட வராதே, கிட்ட வராதே என்று சொல்லிக்கொண்டே பம்பு செட்டுக்குப் போனார். தொட்டிக் கரையில் சோப்பு வைத்திருந்தார். முழங்கை வரை தேய்த்து, நகக் கண்ணைச் சுரண்டி, அலசி, துடைக்காமலே வந்தார். அவள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் நீட்டினார்.

நாலரை வயதுக்காரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். முதலில் வலது, பிறகு இடது என்று தொடாமல் மோந்து பார்த்தாள்.

"இன்னும் வருது தாத்தா," என்றாள். "போய்க் கழுவிக்கினு வா."

சரிம்மா என்று சொல்லிவிட்டு, மறுபடி பம்பு செட்டுக்குப் போனார்.